நாற்பதுதான் இருந்தது

நாற்பத்தொன்று என்கிறது. நாற்பதுதான் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒத்திகை பார்த்தபோது நானும் சவரிமுத்துவும் இதே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினோம், நாற்பது முரண்கள், சவரிகூடச் சொன்னார், "தவக்காலம் மாதிரி நாப்பது, மங்கை. முடிஞ்சா ஈஸ்டர்தான்" என்று. இன்றைக்கு ஒன்று அதிகம். எது? மேலிருந்து கீழே உருட்டுகிறேன், கீழிருந்து மேலே உருட்டுகிறேன், எல்லாம் ஏற்கெனவே பார்த்த முகங்களாகத்தான் தெரிகின்றன. பந்தியில் ஓர் இலை கூடிப்போனால் புதிதாக வந்து உட்கார்ந்தவர் யார் என்று சட்டென்று தெரியாதே, அப்படி. விடு, ஒத்திகையில் நாங்கள்தான் ஒன்றை விட்டு எண்ணியிருப்போம். மணி பதினொன்று பத்து. மூன்றுக்குள் முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, புறநோயாளிகள் பிரிவு மூடியிருக்கும் இந்த நாலு மணி நேரம்தான் சென்னை கொடுத்தது. அதற்குள் இந்த ஆஸ்பத்திரியின் நிர்வாக சர்வர் தன் சொந்த டொமைனை விட்டு, எங்களை விலைக்கு வாங்கிய சென்னைக்காரர்களின் டொமைனுக்குள் போய்ச் சேர வேண்டும். ஆறு இரும்புப் பெட்டிகளுக்குள் தொண்ணூறு கம்ப்யூட்டர் இருப்பதுபோல நடிக்கவைக்கிறோம், லேபுக்கு ஒன்று, மருந்துக் கிடங்குக்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று, அந்தத் தொண்ணூறையும் மேய்க்கிற சர்வர் இது. பதினோரு வருஷம் தனிக்குடித்தனம் இருந்தது, இப்போது கூட்டுக் குடும்பத்துக்குப் போகிறது, அங்கே அதே பெயரில் ஆட்கள் இருக்கிறார்கள், அதே பெயரில் பாத்திரங்கள் இருக்கின்றன, எது யாருடையது என்று முன்கூட்டியே தீர்த்துக்கொண்டு வா என்று ஒரு கோப்பை எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு முரணுக்கும் மூன்றே பதில்கள்தான். காப்பி, ஸ்கிப், மெர்ஜ். காப்பி என்றால் இரண்டும் இருக்கும், நம்முடையதன் பெயருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிப் என்றால் நம்முடையதை இங்கேயே விட்டுவிட்டுப் போவது. மெர்ஜ் என்றால் இரண்டையும் ஒன்றாகக் கரைப்பது. ஒன்றும் எழுதாமல் விட்டால் அதுவே காப்பி என்று எடுத்துக்கொள்ளும். யாரோ நல்ல மனசுக்காரர் எழுதிய புரோகிராம்.

மனுஷர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. போன திங்கட்கிழமை சென்னையிலிருந்து மனிதவளத்து அம்மாள் போனில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக்கொண்டு சொன்னாள், "திருச்சிக்கு ஒரு போஸ்ட்தான் மேடம். நீங்க ரெண்டு பேருமே சீனியர்ஸ், நாங்க எப்படி முடிவு பண்றது? நீங்களே பேசி ஒரு பேரை அடுத்த திங்கக்கிழமைக்குள்ள மெயில் போட்ருங்க." குரலில் எவ்வளவு தேன். எங்களையே கத்தியை எடுத்து எங்களையே குத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஹேவ் எ நைஸ் டே வேறு. அடுத்த திங்கட்கிழமை என்பது நாளைக்கு. முதல் முரண், கம்ப்யூட்டர்களை அடையாளம் காண ஒட்டுகிற சீட்டு ஒன்று, 'லேப்' என்று, இரண்டு பக்கமும் இருக்கிறது, அர்த்தமும் ஒன்றுதான், மெர்ஜ். இரண்டாவது 'பில்லிங்', மெர்ஜ். மூன்றாவது 'பழசு', எங்களுடைய பழசை எதற்குச் சுமந்துகொண்டு போக வேண்டும், ஸ்கிப். ஏசி இன்றைக்கு அநியாயத்துக்கு வீசுகிறது, ஷாலை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன். மேலே அவருக்கும் குளிரும். எப்போதும் குளிரும், ரத்தம் வெளியே வந்து சுற்றிவிட்டுத் திரும்பப் போகிறதே, அதனால் என்று டயாலிசிஸ் வார்டு பெபினா சிஸ்டர் சொன்னாள். கம்பளியைப் பையில் வைத்தேனா? வைத்தேன். நாலாவது மாடியில், ஜன்னலோரப் படுக்கையில், என் வீட்டுக்காரர் கலியமூர்த்திக்கு இதே பதினொன்றிலிருந்து இதே மூன்றுவரை டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், ஞாயிறு. ஊழியர் குடும்பத்துக்கு என்று ஒதுக்கின இடம் அது. வெளியாட்கள் நூற்றுப்பத்துப் பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள், ஒருவர் போனால்தான் ஒருவர் உள்ளே வர முடியும், போவது என்றால் எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை. நான் இங்கே ஊழியராக இருக்கிறவரை அந்தப் படுக்கை அவருடையது. அவ்வளவுதான் விஷயம். இதைச் சுற்றித்தான் ஒரு வாரமாக மனசு செக்குமாடாகச் சுற்றுகிறது.

"மங்கை, இருக்கீங்களா?" ஸ்பீக்கரில் சவரி. சென்னையில் அந்தப் பக்கத்து சர்வர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அங்கே ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அவரேதான் நேற்று பஸ் ஏறினார். "இருக்கேன் சவரி. பன்னெண்டு முடிச்சிருக்கேன்." "பேக்கப் எடுத்தாச்சுல்ல?" "எடுக்காம கை வைப்பேனா?" "தெரியும், சும்மா கேட்டேன். சார் எப்படி இருக்கார்?" "மேல இருக்கார். வரும்போது ஒன்றரைக் கிலோ கூட. தண்ணி குடிச்சிருக்கார், கேட்டா ஐஸ்தான் சப்பினேங்கிறார்." "ஐஸும் தண்ணிதானே மங்கை." "அதை நீங்களே வந்து சொல்லுங்க." சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் ஏதோ குறைவதுபோல் இருக்கிறது, அல்லது சென்னையின் லைன் அப்படி. என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஊசி போடக் கையில் ஃபிஸ்டுலா ஆபரேஷன் பண்ணின அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம்வரை தியேட்டர் வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்தவர் சவரி. என் தம்பிகள் இரண்டு பேரும் போனில் விசாரித்தார்கள். சவரி மட்டும் தயிர்சாதப் பொட்டலத்தை வாங்கிவந்து, பிரித்து வைத்து, நான் ஒரு வாய் சாப்பிடுகிறவரை எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது வருஷம். ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், என் நம்பர் நானூற்றுப் பதினேழு, அவருடையது நானூற்றுப் பதினெட்டு. வெள்ளிக்கிழமை அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "நீங்களே இருங்க மங்கை. திங்கக்கிழமை உங்க பேரையே அனுப்பிடுங்க. எனக்கென்ன, ஒண்டிக்கட்டை, எங்கயாவது ஒரு மூலையில பொழச்சுக்குவேன். உங்களுக்குத்தான் மேல ஆள் இருக்கு." கிளாஸைக் கீழே வைக்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், அதிலிருந்து "தேங்க்ஸ் சவரி" என்றுதான் வந்தது.

ரத்னா டீ ஸ்டாலில்தான் சொன்னார், புத்தூர் நால்ரோட்டில் வேறு எங்கே போவோம் நாங்கள். எல்லா முடிவும் அங்கேதான். யார் தீபாவளிக்கு லீவு, யார் கிறிஸ்துமஸுக்கு, யார் பொங்கலன்றைக்கு இந்த ஏசிக் குளிரில் உட்காருவது, எல்லாம் இரண்டு டீயில் முடிந்துவிடும். இந்த சர்வரைப் பதினோரு வருஷம் முன்னால் நிறுவியபோது எங்கள் இரண்டு பேருக்கும் என்று தனியாக ஒரு ரோல் உண்டாக்க வேண்டியிருந்தது, மற்றவர்களைவிடக் கூடுதல் அதிகாரம், ஆனால் முழு அதிகாரம் இல்லை. அதற்கு ஒரு பெயர் வேண்டும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்னென்னவோ சொன்னேன், சவரி கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்தார், "இதையே வச்சிருவோமே" என்றார். வைத்துவிட்டோம். ரத்னா டீ ஸ்டால், உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒவ்வொரு வருஷமும் ஆடிட்டர் வந்து இது என்ன என்று கேட்பார், ஆர்.டி.எஸ்., ரிமோட் டெக்னிகல் சப்போர்ட், ஞாபகத்துக்காக இப்படி வைத்திருக்கிறோம் சார் என்று சவரி முகத்தை ஒரு கோடு அசைக்காமல் சொல்வார், அந்த மனுஷரும் எழுதிக்கொண்டு போவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் சவரியை மிஞ்ச முடியாது. இதை ஏன் இப்போது சிரித்துக்கொண்டு நினைக்கிறேன்? பன்னிரண்டே கால். இருபத்திரண்டாவது முரண், லைசன்ஸ், சென்னையிடம் பெரிய லைசன்ஸ் இருக்கிறது, ஸ்கிப். இருபத்து மூன்று, 'தொடாதே' என்று ஒரு சீட்டு, அங்கேயும் அதே பெயர், மெர்ஜ், எல்லா ஊரிலும் தொடக் கூடாதது ஏதாவது இருக்கத்தான் செய்யும். எது அந்த நாற்பத்தொன்றாவது? மறுபடியும் அங்கேயே போகிறது புத்தி. பல்லில் மாட்டிய நார் மாதிரி நாக்கு போய்ப் போய்த் தொடுகிறது.

என்னைப் பெரிய யோக்கியை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் போனில் ஒரு மெயில் கிடக்கிறது. புதன்கிழமை எழுதினது, சவரி வாயைத் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே. "திரு. சவரிமுத்து தனிநபர், அவருக்குக் குடும்பப் பொறுப்புகள் இல்லை, எனவே என்னையே பரிசீலிக்குமாறு" என்று இங்கிலீஷில், பவ்வியமாக, ஒரு பிழை இல்லாமல். எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்தேன். நல்லதனத்தால் வைத்தேன் என்றால் அது பொய். அவர் வாயிலிருந்தே வரட்டும், பழி நம்மேல் விழ வேண்டாம் என்றுதான் வைத்தேன். வந்தது. வந்தவுடன் நிம்மதி, நிம்மதி வந்த கையோடு வெட்கம். ஐம்பது வயசு ஆளை எவன் வேலைக்கு எடுப்பான். இன்னும் படிவத்தில் அம்மாவின் பெயரைத்தான் நெருங்கிய உறவு என்று எழுதுகிற ஆள், அந்த அம்மாவும் போய் நாலு வருஷம். ஞாயிற்றுக்கிழமை பூசை, திங்கட்கிழமை இந்த மேஜை, வேறு என்ன இருக்கிறது சவரிக்கு? பத்து நாளைக்கு முன்னால் இரண்டு நாள் லீவு போட்டுச் சென்னைக்குப் போனாரே, அக்கா பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை என்று, அதுதான் ஒரு வருஷத்தில் அவர் போட்ட லீவு. வரும்போது எனக்கு ஒரு துண்டு கேக், வெள்ளித்தாளில் சுற்றி. வீட்டில் இவர் அதைச் சாப்பிடக் கூடாது, ஆனாலும் கண்ணால் பார்த்தே பாதியைத் தின்றுவிட்டார். நாளைக்கு என் பெயரை அனுப்பிவிட்டு சவரியின் முகத்தில் எப்படி முழிப்பேன்? முழிக்கத்தான் வேண்டும். வெட்கத்தோடு பிழைத்துக்கொள்ளலாம், படுக்கை இல்லாமல் பிழைக்க முடியாது. முப்பது, மெர்ஜ். முப்பத்தொன்று, மெர்ஜ். முப்பத்திரண்டு, நர்சிங் மேற்பார்வை என்று ஒரு ரோல், அங்கேயும் உண்டு, மெர்ஜ். முப்பத்து மூன்று.

முப்பத்து மூன்று, ரோல், ரத்னா டீ ஸ்டால். காப்பி, ஸ்கிப், மெர்ஜ், எதைப் போடுவது, எங்களுடைய ரோல்தானே, காப்பி என்று கை தட்டப் போகிறது. நின்றுவிடுகிறது. எங்களுடையது என்றால் எங்களிடம்தான் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் எப்படி வந்தது? ஒரே பெயர் இரண்டு பக்கமும் இருந்தால்தான் இது முரண் என்று எழுதும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடும். லேப் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும், பில்லிங் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும். ரத்னா டீ ஸ்டால் புத்தூர் நால்ரோட்டில்தான் இருக்கிறது. சென்னையில் அந்தப் பெயரை எவன் வைப்பான்? சாதாரணமாகத்தான் பார்த்தேன் அடுத்த வரியை. அந்தப் பக்கத்து விவரம். திருச்சிக் கிளை நிர்வாகம். உறுப்பினர் ஒருவர். சவரிமுத்து. உண்டாக்கிய தேதி, ஒரு வெள்ளிக்கிழமை. எந்த வெள்ளிக்கிழமை? புதுநன்மைக்குப் போன வெள்ளிக்கிழமை. மனிதவளத்து அம்மாள் தேன் ஒழுகப் பேசியதற்கு முந்தைய வாரம். நீங்களே பேசி ஒரு பேரை அனுப்புங்கள் என்றாளே, அப்போதே பெயர் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறது. நாளைக்கு நான் எந்தப் பெயரை அனுப்பியிருந்தாலும் பதில் ஒன்றுதான் வந்திருக்கும். அவன் போய் உட்கார்ந்து, தன் கையாலேயே. அவன் என்கிறது மனசு, பத்தொன்பது வருஷமாக அவர். டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தானே, அது என்னைப் பார்க்க முடியாமல் பார்த்த ரோடு. நீங்களே இருங்க மங்கை. அந்தக் கேக்கை எந்தக் கடையில் வாங்கினான்? புதுநன்மை இருந்ததா, இல்லையா? இருந்திருக்கும், காலையில் கோயிலில், மத்தியானம் அந்த ஆபீஸில். கோபம் வர வேண்டும். வரவில்லை, அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு எந்தப் பெயரை வைத்திருந்தாலும் எனக்குத் தெரியாமலே போயிருக்கும் சவரி. ஆயிரம் பெயர் இருக்கிறதே. புதிய இடத்தில், புதிய சர்வரில், என்னை விட்டுவிட்டு ஒரு ரோல் உண்டாக்க உட்கார்ந்தபோது, பெயர் என்ன என்று அது கேட்டபோது, உனக்கு வேறு பெயரே வரவில்லையா? பழக்கதோஷத்தில் கை போட்டுவிட்டது. நினைத்துப் போட்டிருந்தால்கூட மன்னித்துவிடலாம்போல் இருக்கிறது.

இதை இப்படியே நிறுத்திவிடலாம். பேக்கப் இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை என்று திரும்பப் போட்டுவிட்டு, முரண் தீரவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து போகலாம். சென்னை இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கொடுக்கும். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் ஏழு நாள், மூன்று டயாலிசிஸ். அல்லது மெர்ஜ் என்று அடித்து அந்த ஒரு பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் தள்ளிவிடலாம். ஒரு கோப்பில் ஒரு வரி, அதை வைத்துக்கொண்டு சம்பளமா வரும்? ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது, திங்கட்கிழமை எவனாவது பார்த்து, யார் இந்த அம்மாள் என்று கேட்டு, எடுத்து வெளியே போடுவான். வேண்டுமென்றே கெடுக்கலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது, சொல்வதற்கென்ன, ஒரே ஒரு தவறான வரி போதும். லேப் இதன் கீழேதான் இருக்கிறது. வீட்டுக்காரரின் ரத்தம், பொட்டாசியம் பார்க்க, சற்று முன்னால் அந்த லேபுக்குத்தான் போயிருக்கும். போன் பக்கத்தில் கிடக்கிறது, அதில் அந்த மெயிலும் கிடக்கிறது, திரு. சவரிமுத்து தனிநபர். நான் எழுதி வைத்தேன், அவர் செய்து வைத்தார். முந்திக்கொண்டார், அவ்வளவுதானே வித்தியாசம். இப்படி நினைத்தால் ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை.

"சவரி." "சொல்லுங்க மங்கை." "முப்பத்திமூணு என்ன பண்றது?" கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நின்றது. "முப்பத்திமூணா?" "ரத்னா டீ ஸ்டால். அங்கயும் ஒண்ணு இருக்குதாம்." ஏசி வீசுகிறது. அங்கேயும் ஏசி வீசுகிறது, அது கேட்கிறது. "காப்பி போடட்டுமா சவரி? ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே." கேட்டுவிட்டேன். இவ்வளவு நேரம் கெஞ்சக் கூடாது என்று இருந்துவிட்டு, கடைசியில் கெஞ்சியேவிட்டேன், வேலை விஷயம் பேசுகிற குரலில். அவருக்குத் தெரியும் நான் எதைக் கேட்கிறேன் என்று. "ஸ்கிப் போட்ருங்க மங்கை." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. "அங்க இருக்கறது யாரு போட்டது?" "நான்தான்." "சரி." "மங்கை, அவங்க கூப்பிட்டாங்க... நான் கேட்டுப் போகலை, அவங்களா கூப்பிட்டு... எனக்கு அம்பது வயசாச்சு மங்கை, வேற எங்க..." "சரி சவரி." "வெள்ளிக்கிழமை சொல்லத்தான் வந்தேன். வாய் வரலை. வேற எதையோ சொல்லிட்டேன்." "பேத்திக்குப் புதுநன்மை நடந்துச்சுல்ல?" "நடந்துச்சு. கேக் அங்க வாங்குனதுதான்." அது போதும் என்று தோன்றியது. ஏன் அது போதும் என்று தெரியவில்லை. ஸ்கிப் என்று அடித்தேன். மீதி எட்டையும் அடித்து முடித்தேன், ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன், பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் செய்வேன். இரண்டு பத்துக்கு ஓடவிட்டேன்.

நாற்பத்தைந்து நிமிஷம் எடுத்தது. வெள்ளைக் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. போனை இரண்டு பேருமே வைக்கவில்லை. தொண்ணூற்றெட்டில் வெகுநேரம் நின்றது, நின்றபடியே திரை மாறி, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற பக்கம் வந்தது. என் பெயரை அடித்தேன். இப்படி ஒருவர் இல்லை என்றது, சென்னையின் டொமைனில் என் பெயரை யாரும் ஏற்றவில்லை. இன்னொரு முறை அடித்தேன், தெரிந்துதான் அடித்தேன். இல்லை என்றது. உள்ளே சரியாகப் போய்ச் சேர்ந்ததா, பாதியில் நிற்கிறதா, லேப் எழுந்ததா, பார்ப்பதற்கு எனக்கு வழி இல்லை. அவரைத்தான் கேட்க வேண்டும். "வந்துருச்சா சவரி?" மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "வந்துருச்சு மங்கை. தொண்ணூறும் வந்துருச்சு. எல்லாம் வந்துருச்சு." "நல்லா பாத்துக்கங்க" என்றேன். சர்வரைத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். போனை வைத்தேன், ஷாலை மடித்தேன், ஏசியை அணைக்கப் போய், அது அணைக்கக் கூடாத ஏசி என்று ஞாபகம் வந்து, கதவை மட்டும் சாத்திவிட்டு வந்தேன்.

லிஃப்ட் நாலாவது மாடியில் திறக்கிறது, ஸ்பிரிட் வாசனை, வெந்நீர் வாசனை. இவருக்கு ஊசியை எடுத்துவிட்டார்கள், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், உதடு வெளுத்திருக்கிறது, கம்பளி காலடியில் கிடக்கிறது. "முடிஞ்சுதா?" என்கிறார். "முடிஞ்சுது." "சிக்கல் ஒண்ணும் இல்லையே?" "இல்லங்க." "சவரி இருக்கறவரைக்கும் உனக்கென்ன கவலை" என்று சிரிக்கிறார். பெபினா சிஸ்டர் கையில் அட்டையோடு வருகிறாள். "அக்கா, அடுத்த மாசத்து ஃபாரம். செவ்வாய், வியாழன், ஞாயிறு, அதே டைம்தான் போட்ருக்கேன். உங்க ஸ்டாஃப் நம்பரை மட்டும் எழுதிருங்க, நாளைக்குக் காலையில ஆபீஸ்ல சரிபார்க்கக் கொடுக்கணும்." பேனாவை நீட்டுகிறாள். மூன்று சின்னக் கட்டங்கள். "எழுதேன், என்ன முழிக்கிற, நம்பர் மறந்துபோச்சா?" என்கிறார் இவர். மறக்கவில்லை. நாலு, ஒன்று, ஏழு என்று எழுதிக் கொடுக்கிறேன், சிஸ்டர் வாங்கிக்கொண்டு போகிறாள்.